யானைக்காசு அடித்த ஊர்

நாள் 1: தார் எஸ் சலாம்

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அத்தான் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தினார். பெட்ரோல், தண்ணீர் கேன், வாழைப்பழம். மூன்று இடத்திலும் என் காதில் விழுந்த சொல் ஒன்றே ஒன்றுதான்: ஹேலா. பெட்ரோல் போட்ட பையன் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்க, அத்தான் "சினா ஹேலா" என்று இரண்டு கையையும் விரித்தார்.

"என்ன கேட்டான் அத்தான்?"

"டீக்குக் காசு. கையில துட்டு இல்லப்பான்னேன். ஹேலான்னா துட்டு."

நான் இந்த ஊருக்கு வந்ததே அந்தத் துட்டுக்காகத்தான் என்று அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. பதினோரு வருஷமாக இங்கே கணக்கு எழுதுகிற மனுஷர், கேட்டால் சிரிப்பார்.

தாத்தா தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பல்காரர்களிடம் வாங்கிய வெளிநாட்டுக் காசுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஓட்டைக் காலணாக்களுக்கு நடுவில் ஒரு பெரிய பித்தளைக் காசு கிடந்தது. ஒரு பக்கம் கிரீடம், 1916 என்ற வருஷம், டி.ஓ.ஏ. என்று மூன்று எழுத்து, கீழே தனியாக ஒரு 'டி' (ஆங்கில T). மறுபக்கம் இலைகளுக்கு நடுவில் 20 ஹெல்லர். பள்ளிக்கூடத்தில் யாரோ வாங்கிய மெடல் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்த பிறகு விவரம் தெரிந்தது. டி.ஓ.ஏ. என்றால் டாய்ச் ஓஸ்ட்ஆஃப்ரிகா, அதாவது ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. இன்றைய தான்சானியா, ருவாண்டா, புருண்டி மூன்றும் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். தனியாக நிற்கும் அந்த 'டி', தபோரா என்ற ஊரின் முதலெழுத்து.

அந்த ஹெல்லர்தான் ஹேலா ஆகிவிட்டது. செலாவணியாக இருந்தது பத்துப் பன்னிரண்டு வருஷம். அதைக் கையில் வைத்துச் செலவழித்தவர் யாரும் இன்று உயிரோடு இல்லை. ஆனாலும் பெட்ரோல் போடும் பையன் ஹேலா கேட்கிறான். நமக்கு இது புதிதா என்ன? துட்டு என்கிறோமே, அது டச்சுக்காரர்களின் 'டாய்ட்' என்ற செப்புக்காசு. நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் புழங்கியது. டச்சுக்காரன் போய்ப் பல தலைமுறை ஆகிறது, துட்டு மட்டும் நம் வாயில் இருக்கிறது.

அக்கா வைத்த ரசம் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். தூக்கம் வருகிறது.

நாள் 2: தார் எஸ் சலாம்

காலையில் துறைமுகப் பக்கம் நடந்தேன். ஜெர்மானியர் கட்டிய லூத்தரன் தேவாலயம் சிவப்பு ஓட்டுக் கூரையோடு நிற்கிறது. கொஞ்ச தூரத்தில், நான்கு தெரு சேரும் இடத்தில் அஸ்காரி சிலை. அஸ்காரி என்றால் சிப்பாய். துப்பாக்கியின் பயோனெட் துறைமுகத்தைப் பார்த்து நீண்டிருக்கிறது. 1927-ல் ஆங்கிலேயர் வைத்த சிலை இது. அதற்கு முன்னால் இங்கே நின்றவர் ஜெர்மன் ஆளுநர் விஸ்மன். ஆட்சி மாறினால் முதலில் மாறுவது சிலை, அடுத்தது காசு.

ஜெர்மானியர் இங்கே வந்தது கம்பெனி வேஷத்தில். நம் ஊருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி போல, இங்கே ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கக் கம்பெனி. 1890-ல் அது தனக்கென்று காசு அடித்தது. அதில்தான் வேடிக்கை. வெள்ளி ரூபியாவில் கழுகு உட்கார்ந்த தலைக்கவசத்தோடு ஜெர்மன் பேரரசர் கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் முறைக்கிறார். ஆனால் காசின் எடை 11.66 கிராம், வெள்ளி ஆயிரத்துக்கு 917. அப்படியே நம் பிரிட்டிஷ் இந்திய ரூபாய். ஒரு தோலா எடை. சில்லறையும் நம் கணக்குதான்: 64 பெசா ஒரு ரூபியா. பெசா என்பது நம் பைசாவேதான். அந்தச் செப்புக் காசின் ஒரு பக்கத்தில் அரபி எழுத்தும் ஹிஜ்ரி வருஷமும் இருக்கும்.

ஏன் இப்படி? கடற்கரை முழுக்க வியாபாரம் குஜராத்திகள் கையில் இருந்தது. சான்சிபாரிலும் மொம்பாசாவிலும் அவர்கள் எண்ணிக் கொடுத்தது இந்திய ரூபாய். அந்த எடையில் இல்லாத காசைக் கல்லாவில் போட மாட்டார்கள். ஆக, கெய்சர் முகத்தை மட்டும்தான் மாற்ற முடிந்தது, எடையில் கை வைக்க முடியவில்லை.

1904-ல் அரசாங்கமே காசடிக்கும் உரிமையை எடுத்துக்கொண்டது. 64 பெசா கணக்கு ஜெர்மன் குமாஸ்தாக்களுக்குத் தலைவலி போலிருக்கிறது. ஒரு ரூபியாவுக்கு 100 ஹெல்லர் என்று மாற்றினார்கள். 15 ரூபியா ஜெர்மன் பணத்தில் 20 மார்க் என்று கட்டிப் போட்டார்கள். 5, 10 ஹெல்லர்களில் நடுவில் ஓட்டை போட்டு ஒரு வகை வந்தது, நம் ஓட்டைக் காலணா மாதிரி, கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்ளலாம்.

சாயங்காலம் நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

சந்துக்குள் ஒரு பழம்பொருள் கடை. மரச் சிற்பம், பாசிமணி, பழைய பூட்டு. கண்ணாடித் தட்டில் நாலைந்து ஹெல்லர்கள். அவற்றுக்கு நடுவில் மஞ்சளாக ஒன்று. துதிக்கையைத் தூக்கிய யானை, பின்னால் மலை, கீழே 1916. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. தபோராவில் அடித்த 15 ரூபியா தங்கக்காசு. மொத்தமே 16,198 தான் அடித்தார்கள். ஏலத்தில் லட்சங்களுக்குப் போகும் சாமான். கடைக்காரர் இரண்டு லட்சம் ஷில்லிங் கேட்டார். நம் காசுக்கு ஆறாயிரம், ஏழாயிரம் இருக்கும். முகத்தைத் தூக்கம் வருவது போல வைத்துக்கொண்டு ஒன்றரை லட்சத்துக்குப் பேசி முடித்தேன். பாவம், இவருக்கு விவரம் தெரியவில்லை என்று மனசுக்குள் ஒரு இரக்கம் வேறு.

வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பை அளவுத் தராசை எடுத்து வைத்தேன். அசல் காசு 7.168 கிராம். தராசு காட்டியது 4.9. தட்டைத் துடைத்து மறுபடி வைத்தேன். 4.9. விவரம் தெரியாதவர் யார் என்று தராசு சொல்லிவிட்டது. விளிம்பை நகத்தால் சுரண்டியதும் தங்கப்பூச்சுக்குக் கீழே பித்தளை எட்டிப் பார்த்தது. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் முறையாக ரசம் கேட்டார். அக்கா மட்டும், "பாப்பாவுக்கு டாலர் பண்ணிப் போட்டா நல்லாருக்கும்டா" என்றாள்.

நாள் 3: ரயிலில்

தபோராவுக்குப் பழைய மீட்டர் கேஜ் ரயிலில்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்து ஏறிவிட்டேன். டொடோமா வரை இப்போது மின்சார ரயில் பறக்கிறது. ஆனால் இந்த மீட்டர் கேஜ் பாதைதான் என் காசின் பாதை. 1905-ல் தார் எஸ் சலாமில் போட ஆரம்பித்து, 1912-ல் தபோராவைத் தொட்டு, 1914-ல் தாங்கனிக்கா ஏரிக்கரையில் கிகோமாவில் முடித்தார்கள். முடித்த சில மாதத்தில் உலகப்போர்.

எதிர் இருக்கையில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற வாத்தியார். இங்கே வயதில் மூத்தவருக்கு 'ஷிகமூ' சொல்ல வேண்டும், அவர் 'மராஹபா' என்று ஏற்றுக்கொள்வார். கும்பிடுறேன், நல்லா இருப்பா என்கிற மாதிரி. சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் ஆங்கிலத்தில் பேச்சு நீண்டது. தாத்தாவின் காசைக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஹேலா," என்றார். "பேச்சில் தினமும் வருகிறது. கையில் இப்போதுதான் பிடிக்கிறேன்."

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு இங்கே 'ஷூலே' என்கிறார்கள். அதுவும் ஜெர்மன் சொல். ஜெர்மானியர் விட்டுப்போன சொற்களில் தினமும் வாயில் வருவது பள்ளிக்கூடமும் பணமும்தான் என்று சொல்லிவிட்டு, "வரி என்ற சொல் அவர்களுடையது இல்லை, அது எங்களிடம் முன்னாலேயே இருந்தது" என்று சிரித்தார்.

வரியைச் சொன்னதும் விஷயத்துக்கு வந்துவிட்டார். உள்நாட்டில் அப்போது காசுக்கு வேலையே இல்லை. துணி, பாசி, மண்வெட்டித் தகடு என்று பண்டமாற்று. பெட்டி பெட்டியாகக் காசு கொண்டுவந்து இறக்கினால் யார் வாங்குவார்கள்? 1898-ல் குடிசை வரி போட்டார்கள். முதலில் தானியமாகவும் வாங்கினார்கள், அப்புறம் காசாகத்தான் வேண்டும் என்றார்கள். காசுக்கு எங்கே போவது? வெள்ளைக்காரன் தோட்டத்துக்கு, அல்லது இந்தத் தண்டவாளம் போடும் வேலைக்கு. சம்பளமாக வாங்கிய ரூபியாவை வரியாகத் திருப்பிக் கட்ட வேண்டும். காசு ஒரு சுற்று சுற்றி வந்த இடத்துக்கே போய்விடும், இடையில் ஒரு மனுஷனின் சில மாத உழைப்பு கரைந்திருக்கும். தெற்கே 1905-ல் வெடித்த மாஜி மாஜி எழுச்சிக்கு இந்த வரியும் கட்டாயப் பருத்தி வேலையும் முக்கியக் காரணங்கள்.

டொடோமாவைச் சுற்றி வறண்ட நிலம். அடி பெருத்த பொந்தன்புளி மரங்கள் இலையில்லாமல் நின்றன. ஒவ்வொரு நிலையத்திலும் ஜன்னலுக்கு வெளியே தலைச்சுமை வியாபாரம்: அவித்த முட்டை, நிலக்கடலை, மாம்பழம். ஆயிரம் ஷில்லிங்கை நீட்டினால் உடனே பதில், "செஞ்சி ஹக்குனா." செஞ்சிக் கோட்டை இல்லை, இது சேஞ்ச். சில்லறை இல்லையாம். எந்த ஊருக்குப் போனாலும் இந்த ஒரு வாக்கியம் நம்மைத் துரத்துகிறது.

நாள் 4: தபோரா

நேற்று ராத்திரி வெகுநேரம் கழித்து வந்து இறங்கியதால் நிலையத்தைக் காலையில்தான் சரியாகப் பார்த்தேன். ஜெர்மானியர் கட்டிய கட்டடம், முக்கோண முகப்பு. கிகோமாவுக்கு ஒரு பாதை, வடக்கே முவான்சாவுக்கு ஒரு பாதை, இங்கேதான் பிரிகின்றன. வெளியே தெருவெல்லாம் மாமரம். கடற்கரையிலிருந்து யானைத் தந்தத்துக்கும் அடிமைகளுக்கும் வந்த அரபு வியாபாரிகள் வைத்த மரங்களின் வழி என்கிறார்கள். நம் பக்கத்துச் சத்திரச் சாலை மாதிரி நிழல்.

1916-ல் இந்த ஊர் ஒரு நாட்டின் தலைநகரம். எப்படி என்றால், போர் வந்ததும் ஆங்கிலேயக் கடற்படை கரையை அடைத்துவிட்டது, ஜெர்மன் நிர்வாகம் கரையை விட்டு உள்ளே இந்த ஊருக்கு வந்துவிட்டது. (1914 நவம்பரில் அவர்கள் வடக்கே தாங்கா துறைமுகத்தில் இறங்கி அடிவாங்கி ஓடினார்கள். அந்தப் படையில் பாளையங்கோட்டைப் பெயரைத் தாங்கிய 63-வது பட்டாளமும் உண்டு. எங்கள் ஊர்ப் பெயர் வரும் இடம் தோல்வியாக இருந்தாலும் சொல்லிவிட வேண்டும் இல்லையா. சண்டைக்கு நடுவில் காட்டுத்தேனீக்கள் கிளம்பிக் கொட்டியதால் தேனீச் சண்டை என்றே அதற்குப் பெயர்.) ஜெர்மனியிலிருந்து கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் காசும் வராது, ஏனென்றால் காசெல்லாம் பெர்லினிலும் ஹாம்பர்க்கிலும் அடித்து வந்தவை. இருந்த வெள்ளி ரூபியாவை ஜனங்கள் மண்ணில் புதைத்தார்கள். போர்க்காலத்தில் எவனும் வெள்ளியை வெளியே எடுக்க மாட்டான்.

சரி, நோட்டு அச்சடிப்போம் என்றார்கள். வங்கிநோட்டுக் காகிதம் கிடையாது. கையில் கிடைத்த காகிதத்தில் அச்சடித்தார்கள். 1917-ல் காட்டுக்குள் ஓடிக்கொண்டே ரப்பர் எழுத்துகளை வைத்து ஒற்றிய ஒரு ரூபியா நோட்டுகளும் உண்டு. அவற்றுக்குப் பெயரே புஷ்நோட்டன், காட்டு நோட்டு. ஆனால் காட்டில் தானியம் விற்கிற கிழவிக்கு அந்தக் காகிதம் எதற்கு? சிப்பாய்க்கும் கூலிக்கும் கையில் கனமாக ஏதாவது கொடுக்க வேண்டும். அதற்குத்தான் தபோரா ரயில் பட்டறை காசுப் பட்டறை ஆனது.

எஞ்சின் பழுதுபார்க்கிற ஆட்கள் காசடித்தார்கள். பீரங்கிக் குண்டுகளின் பித்தளைக் கூட்டை உருக்கி 20 ஹெல்லர். பித்தளையில் மட்டும் 16 லட்சம், செம்பில் 3 லட்சம். தாத்தாவின் காசை மாமர நிழலில் உட்கார்ந்து உருப்பெருக்கியில் மறுபடி பார்த்தேன். பெர்லின் காசில் எழுத்து கத்தி மாதிரி இருக்கும். இதில் கிரீடத்தின் ஒரு பக்கம் மழுங்கிப் போயிருக்கிறது, தகடு எல்லா இடத்திலும் ஒரே கனமாக இல்லை. ஒரு இலையின் நரம்பு நன்றாகப் பதிந்திருக்கிறது, பக்கத்து இலை வெறும் மேடு. அவசரத்தில் அடித்தது என்பது பார்த்ததுமே தெரிகிறது. எனக்கு அந்த மழுங்கல்தான் பிடித்திருக்கிறது.

யானைக்காசு வேறு ரகம். தங்கம் செக்கென்கே சுரங்கத்திலிருந்து வந்தது. எடையில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. ஜெர்மனியின் 20 மார்க் காசில் உள்ள சுத்தத் தங்கம் எவ்வளவோ, இந்தக் காசின் மொத்த எடை அவ்வளவு. 15 ரூபியாவும் 20 மார்க்கும் ஒன்றுதானே, கணக்கு சரி என்று தோன்றும். ஆனால் இதில் முக்கால் பங்குதான் தங்கம். அதாவது 20 மார்க் மதிப்பு சொன்ன இந்தக் காசில் இருப்பது 15 மார்க் தங்கம். தட்டானிடம் உரசினால்தான் தெரியும், கையில் தூக்கிப் பார்த்தால் தெரியாது. கள்ளக்காசு வாங்கி ஏமாந்த எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதல்.

அச்சை வெட்டியவர் இலங்கையைச் சேர்ந்த ஒரு சிங்களப் பொற்கொல்லர் என்று நாணய ஆராய்ச்சியாளர்கள் எழுதுகிறார்கள். நான் இவ்வளவு தூரம் வந்ததற்கு அவரும் ஒரு காரணம். பேர் இல்லை, படம் இல்லை. பின்னால் நிற்கிற மலை கிளிமஞ்சாரோ, மறுபக்கத்துக் கழுகு கெய்சருடையது, யானை அவர் கையில் பிறந்தது. கண்டி பெரஹராவில் யானை பார்த்து வளர்ந்த கண்ணோ என்னவோ, தூக்கிய துதிக்கையில் ஒரு ஊர்வலக் களை இருக்கிறது. இந்தக் காலனி அடித்த காசுகளில் அழகானது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் காட்டுவேன். அதை வெட்டியவர் ஜெர்மானியரும் இல்லை, ஆப்பிரிக்கரும் இல்லை.

1916 செப்டம்பர் 19-ல் காங்கோவிலிருந்து வந்த பெல்ஜியப் படை தபோராவைப் பிடித்தது. பட்டறையில் காசு அடித்தது அந்த ஆண்டின் சில மாதங்கள்தான்.

நாடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர்கள் லட்சணமும் பெரிதாக இல்லை. லண்டனில் உட்கார்ந்த கிழக்கு ஆப்பிரிக்கச் செலாவணி வாரியம் ரூபாயை எடுத்துவிட்டு 1920-ல் ஃப்ளோரின் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அது இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை, ஷில்லிங் வந்துவிட்டது. ஃப்ளோரினுக்கு ஸ்வாஹிலியில் ஹேலா மாதிரி ஒரு வாழ்வு கிடைக்கவில்லை.

சாயங்காலம் குன்றின் மேல் இருக்கும் ஜெர்மன் கோட்டை வரை ஏறினேன். இப்போது ராணுவத்திடம் இருக்கிறது, படம் எடுக்கக் கூடாது. இந்த ஊரை ஆண்ட இசிகே, 1893 ஜனவரியில் ஜெர்மானியர் தன் கோட்டைக்குள் புகுந்தபோது வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைத்துத் தன்னையும் சேர்த்துத் தகர்த்துக்கொண்டவர். அவருக்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம் கழித்து, அதே ஊரில் பீரங்கிக் கூட்டை உருக்கிக் காசு.

இன்னொரு கதையையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் அஸ்காரிகளுக்குக் கடைசிக் காலச் சம்பளம் வரவே இல்லை. காகிதத்தில் எழுதிக் கொடுத்ததோடு சரி. 1964-ல், அவர் இறந்த அதே வருஷம், மேற்கு ஜெர்மனி அந்தப் பாக்கியைக் கொடுக்க முடிவு செய்தது. முவான்சாவில் கிழவர்கள் வந்து கூடினார்கள். பெரும்பாலோரிடம் சீட்டு இல்லை. வந்த வங்கி அதிகாரி ஒவ்வொருவர் கையிலும் விளக்குமாற்றுக் கட்டையைக் கொடுத்து ஜெர்மன் மொழியில் துப்பாக்கிப் பயிற்சிக் கட்டளை இட்டாராம். ஒருவர்கூடத் தவறவில்லையாம். நாற்பத்தாறு வருஷம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை.

நாள் 5: தபோரா

காலையில் குவிஹாரா போய் ஸ்காட்லாந்துப் பயணி லிவிங்ஸ்டன் தங்கியிருந்த மண்வீட்டைப் பார்த்தேன். அமைதியான இடம், அரை மணி நேரத்தில் முடிந்தது. அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

திரும்பும்போது சந்தையில் தேன் வாங்கினேன். தபோரா தேனுக்குப் பெயர் போன ஊர், சுற்றிலும் மியோம்போ காடு. கருப்பட்டிப் பாகு நிறத்தில் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார் ஒரு அம்மா. விரலில் ஒரு சொட்டு விட்டார். லேசாகப் புகை வாசம், தொண்டையில் சின்னக் காரல்.

எட்டாயிரம் ஷில்லிங். பர்ஸில் பத்தாயிரம் நோட்டு ஒன்றுதான் இருந்தது. எடுத்து நீட்டப் போனவன் அப்போதுதான் கவனித்தேன், நோட்டின் முகப்பில் யானை. நாலு நாளாக இதே நோட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன், கண்ணில் படவே இல்லை. இந்த நாட்டின் பெரிய நோட்டு இதுதான்.

தாத்தாவின் பித்தளைக் காசை எடுத்து நோட்டின் மேல் வைத்து அந்த அம்மாவிடம் காட்டினேன். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சுண்டிக் காதருகில் வைத்துக் கேட்டார். பக்கத்துக் கடைப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அப்புறம் காசை என் கையிலேயே வைத்து மூடிவிட்டு, யானை நோட்டைத் தள்ளிக் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.

"ஹேலா ன்டோகோ?"

சின்னதாக இல்லையா என்று கேட்கிறார். இருந்த ஒரே சின்னக் காசை என் கையில்தான் மூடி வைத்திருந்தார். நான் சில்லறை தேடிப் பக்கத்துக் கடைக்கு நடந்தேன்.